மருந்து கேட்காத காய்ச்சல்: வாசகர் கேள்வி பதில்

கிருமி எதுவும் இல்லாமலே உடம்பு தானாக அழற்சியைத் தொடங்கி, காய்ச்சலும் வலியுமாக ஆளைப் படுக்க வைத்துவிட்டு, சில நாளில் ஒன்றும் நடக்காதது போல் அடங்கிவிடும் பிறவி நோய்கள் சில உண்டு. எஃப்.எம்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல், ட்ராப்ஸ், எம்.கே.டி., கேப்ஸ் ஆகியவை இந்த வகை. இவற்றைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் முடிந்தன: "மருந்து கேக்கலீங்க, என்ன பண்றது?" எங்கள் மருத்துவக் குழு இம்முறை அதற்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது.

பையனுக்கு இப்ப 17 வயசுங்க. ஒம்பது வயசுல இருந்து மாசம் ஒருக்கா, ரெண்டு தரம், கடுமையான வயித்துவலியும் காய்ச்சலும் வரும். மூணு நாள்ல சரியாயிரும். குடல்வால்னு சொல்லி பன்னெண்டு வயசுல ஆபரேசனும் பண்ணியாச்சு, அப்புறமும் வந்துச்சு. ரெண்டு வருசம் முன்னால எஃப்.எம்.எஃப்.னு கண்டுபிடிச்சு கோல்ச்சிசின் மாத்திரை காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு குடுத்தாங்க. கொஞ்சம் குறைஞ்சுது, நிக்கலை. இப்ப "மருந்து கேக்காத வகை, மாசாமாசம் ஊசி போடணும்"ங்கறாங்க. அப்படித்தானுங்களா? (ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

இப்போதைக்கு அந்த முடிவுக்கு வர வேண்டாம். நம்மூர் மாத்திரை ஒன்று 0.5 மில்லிகிராம். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் நாளைக்கு 1 மில்லிகிராம்தான் ஆகிறது. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு அது தொடக்க அளவு. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரையும், பெரியவர்களுக்கு 3 மில்லிகிராம் வரையும் போகலாம் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2016-ல் வெளியிட்ட நெறிமுறை. தாங்கக்கூடிய அதிகபட்ச அளவை ஒரு நாளும் விடாமல் ஆறு மாதமாவது சாப்பிட்ட பிறகும் மாதத்துக்கு ஒரு தாக்குதலாவது வந்தால்தான் மருந்து எதிர்ப்பு என்று பெயர். எஃப்.எம்.எஃப். உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரைதான் உண்மையில் அப்படி. மற்றவர்களுக்கு அளவோ பழக்கமோ தப்பியிருக்கும், இல்லையென்றால் நோயின் பெயரே தப்பியிருக்கும்.

அளவைக் கூட்டுவது மருத்துவர் கையில் இருக்கிறது. வழக்கமாக 0.5 மில்லிகிராம் கூட்டி, மூன்று மாதம் பார்த்து, போதவில்லை என்றால் இன்னொரு 0.5 கூட்டுவார்கள். கூட்டும் முன் சிறுநீரகம், ஈரல், ரத்த அணுக்கள் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் கூட்டாமல் குறைக்க வேண்டியிருக்கும்.

மாத்திரையைக் கூட்டியதும் வயிறு போகிறது என்பது அடுத்த தடை. பையன் சொல்லாமல் இரவு மாத்திரையை விட்டுவிடுவது பெரும்பாலும் இதனால்தான். திட்டிப் பயனில்லை. நாளின் மொத்த அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பாலையும் பால் காபியையும் குறைத்துப் பாருங்கள். இந்த மருந்து எடுக்கும்போது பாலில் உள்ள சர்க்கரை சிலருக்குச் செரிக்காது. மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அப்படியும் போனால் ஒரு படி குறைத்து, சில வாரம் கழித்து மெதுவாக ஏற்றலாம்.

மூன்றாவது, கவுட் என்னும் யூரிக் அமில மூட்டு வாதத்துக்கு இதே மாத்திரையைச் சாப்பிடுபவர்களைப் பார்த்து வந்த பழக்கம்: வலி வந்தால் போட்டுக்கொள்வது, போனால் நிறுத்திவிடுவது. எஃப்.எம்.எஃப்.-க்கு இது வரவிடாமல் தடுக்கும் மருந்து. வந்த பிறகு போட்டுப் பலனில்லை. நன்றாக இருக்கும் நாளிலும் தினமும் வேண்டும். தாக்குதல் நாளிலும் அதே அளவுதான், கூட்ட வேண்டாம். அன்றைய வலிக்கு ஐபுப்ரோஃபென், நப்ராக்சன் போன்றவற்றை மருத்துவர் தருவார். சிறுநீரில் புரதம் இறங்குபவர்களுக்கு அந்த வலி மாத்திரைகளும் ஆகாது.

கடைசியாக, வரும் வலியெல்லாம் அழற்சி வலிதானா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாட்சி சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. தாக்குதலின் இரண்டாம் நாள் ஒருமுறை, எல்லாம் அடங்கி இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதும் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால் அது வேறு வலி. குடல் எரிச்சல் நோயாகவோ, பதற்றத்தால் வருவதாகவோ இருக்கலாம். ஊசி அதற்கு உதவாது. மாறாக, ஆள் தெம்பாக நடமாடும் நாளிலும் சி.ஆர்.பி. உயர்ந்தே இருந்தால், தாக்குதல் குறைந்திருந்தாலும் நோய் அடங்கவில்லை என்று பொருள்.

உங்கள் பையனுக்கு ஏற்கெனவே வயிற்றில் அறுவை நடந்திருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம். வழக்கமான வலி போலில்லாமல் மாறி வந்தாலோ, மூன்று நாளைத் தாண்டினாலோ, காற்றும் மலமும் அடைபட்டாலோ "எப்பவும் வர்றதுதானே" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பழைய தழும்பால் குடல் ஒட்டிக்கொண்டு அடைப்பதும் உண்டு.

பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். வயசு 34. காய்ச்சல் வந்தா ரெண்டு வாரம் ஓடும். கண்ணைச் சுத்தி வீங்கிரும், கை கால்ல ஒரு சதைவலி வந்து கீழ நகர்ந்துட்டே போகும், அதுக்கு மேல தோல் செவந்திருக்கும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எட்டு மாசமா கோல்ச்சிசின், எந்த மாத்தமும் இல்லை. (திருப்பூர்)

நீங்கள் எழுதியிருப்பது எஃப்.எம்.எஃப். போல இல்லை. அதன் தாக்குதல் அரை நாள் முதல் மூன்று நாளுக்குள் முடியும். இரண்டு வாரக் காய்ச்சல், கண் வீக்கம், நகரும் சதைவலி, அப்பாவிடமிருந்து நேராக வந்திருப்பது எல்லாம் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது ட்ராப்ஸ். அயர்லாந்து வேர் கொண்ட ஒரு குடும்பத்தில் 1982-ல் முதலில் விவரிக்கப்பட்டு, அந்த நாட்டின் பழைய லத்தீன் பெயரால் ஹைபர்னியக் காய்ச்சல் எனப்பட்டது. காரணமான மரபணு 1999-ல் தெரியவந்தது. இதற்குக் கோல்ச்சிசின் பெரிதாக உதவாது. உங்களுக்கு மருந்து எதிர்ப்பு என்று யாரும் எழுதிவிடக் கூடாது, மருந்தே வேறு.

ஸ்டீராய்டு தாக்குதலை அடக்கும். ஆனால் போகப்போக அதிக அளவு கேட்கும், அதனால் அதையே நம்பி இருக்க முடியாது. எட்டனர்செப்ட் என்ற ஊசி சிலருக்கு ஓரளவு உதவுகிறது. அதே குடும்பத்து மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் ட்ராப்ஸைக் கிளறிவிடக்கூடும், அதைத் தவிர்க்க வேண்டும். நன்றாக வேலை செய்வது, அழற்சியை மூட்டும் இன்டர்லூகின் 1 என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள். ஆனால் முதலில் நோயின் பெயர் உறுதியாக வேண்டும். டி.என்.எஃப்.ஆர்.எஸ்.எஃப். 1ஏ மரபணுப் பரிசோதனைக்கு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த மரபணுவையும் தேடுமுன் நம் மண்ணில் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்களை ஒதுக்கியாக வேண்டும்: காசநோய், மலேரியா, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ். மாடு ஆடு வைத்திருக்கும் வீடுகளில் புரூசெல்லா என்றொரு கிருமியும் உண்டு. காய்ச்சாத பால் குடிப்பதாலும், கன்று ஈனும்போது வெறுங்கையால் இழுப்பதாலும் தொற்றி, வாரக்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சலைத் தரும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கடிதங்களுக்கு இதைக் கேட்காமல் பதில் எழுதுவது சரியல்ல.

மரபணு ரிப்போர்ட்ல "ஈ148க்யூ, ஒரு பிரதி" அப்படின்னு வந்திருக்கு. எஃப்.எம்.எஃப். உறுதின்னு எடுத்துக்கலாமா? (பொள்ளாச்சி)

முடியாது. இந்த மரபணு எழுத்து மாற்றம் இந்தியர்களிடம் மிகச் சாதாரணம். காய்ச்சலே இல்லாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பரிசோதித்தாலும் அது வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. நோய்க்கு அதுதான் காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. துருக்கி, ஆர்மீனியா, யூத, அரபு மக்களிடம் கடுமையான நோயைத் தரும் எம்694வி என்ற மாற்றம் இரண்டு பிரதிகளாக இருந்தால் கதை வேறு. ரிப்போர்ட் காய்ச்சலின் கதையோடு ஒத்துப்போக வேண்டும். எத்தனை நாள் நீடிக்கிறது, எங்கே வலி, சி.ஆர்.பி. ஏறி இறங்குகிறதா, ஆறு மாதம் கோல்ச்சிசின் கொடுத்ததில் வித்தியாசம் தெரிந்ததா என்பவை ஒரு எழுத்தை விடப் பெரிய சான்று.

எஃப்.எம்.எஃப். வர, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வர வேண்டும் என்பது பொதுவிதி. இருவரும் நோயில்லாமல் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டும் வீடுகளில் இப்படி இருவரும் சுமப்பவர்களாக இருப்பது கூடும். அத்தை மகன், மாமன் மகள் பேச்சு நடக்கும் வீட்டில் உறுதியான எம்694வி போன்ற ரிப்போர்ட் இருந்தால், நிச்சயத்துக்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. ஈ148க்யூ ஒன்றுக்காகச் சம்பந்தத்தை நிறுத்தாதீர்கள்.

கண்வலிக்கிழங்கு நாங்களே வெள்ளாமை பண்றோம். அந்த விதையில இருந்துதான் இந்த மாத்திரை செய்யறாங்கன்னு சொல்றாங்க. வீட்லயே பொடி பண்ணி சாப்பிடலாமுங்களா? (மூலனூர்)

தொடவே கூடாது. நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும், உங்கள் ஊரில் கம்பிப் பந்தலில் ஏற்றி, விடிகாலைப் பூவில் கையாலேயே மகரந்தம் தொட்டு, காய்ந்த விதையைக் கிலோக் கணக்கில் விற்கும் பயிரும் ஒன்றே. கோல்ச்சிசினை 1820-ல் பிரித்தெடுத்தவர்கள் பெல்லெத்தியேவும் காவெந்துவும். அவர்கள் எடுத்தது ஐரோப்பாவின் கொல்ச்சிகம் செடியிலிருந்து. பின்னாளில் நம் காந்தள் விதையும் மூலப்பொருள் ஆனது.

ஆனால் ஒரே கொடியின் இரண்டு காயிலுள்ள விதைகளில்கூடச் சத்து ஒரே அளவில் இருக்காது. மண்ணும் பறித்த காலமும் காய்ந்த விதமும் அதை மாற்றும். மாத்திரைக்கு 0.5 மில்லிகிராம் என்று நிறுத்தித் தரும் மருந்துக்கும் சிட்டிகைப் பொடிக்கும் உறவே இல்லை. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, அதனால்தான் 0.5 மில்லிகிராம் படிகளில் ஏற்றுகிறோம். கிழங்கோ விதையோ வயிற்றுக்குள் போய்விட்டால் முதலில் வாந்தி பேதி வரும், பிறகு ஒரு நாள் தெளிந்தது போல் தெரியும். அதற்குள் ரத்த அணுக்களும் உறுப்புகளும் தளரத் தொடங்கியிருக்கும். தெளிந்துவிட்டதே என்று காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கிழங்கு காயவைத்த முற்றத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. கோல்ச்சிசின் சாப்பிடுபவர்கள் படர்தாமரைக்கு இட்ரகோனசோல் வாங்கக் கூடாது. அது கோல்ச்சிசின் வெளியேறும் வழியை அடைக்கும், ஒரு மாத்திரை இரண்டு மூன்று மாத்திரை போட்டது போலாகும். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் அதை எழுதுவது நம் பக்கம் சகஜம் என்பதால் சொல்கிறோம். கிருமிக்கொல்லிகளான கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்கான வெரபாமில், டில்டியாசம் ஆகியவையும் இதே ரகம். அசித்ரோமைசின் பெரும்பாலும் பரவாயில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடையும் தோளும் தளர்வதைக் கவனியுங்கள். மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் "கோல்ச்சிசின் எடுக்கறேனுங்க" என்ற வார்த்தை முதலில் வரட்டும்.

மகள் பிளஸ் டூ. மாசத்துக்கு நாலு நாள் லீவு போட்டா "நடிக்கறா"ங்கறாங்க. பரீட்சை வரும்போது சரியா காய்ச்சலும் வருது. மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறா. நோய் பாதி, பேச்சு பாதின்னு ஆயிருச்சு. (பெருந்துறை)

தாக்குதலை எண்ணுவதோடு வைத்தியம் நின்றுவிட்டால் இந்தப் பாதி யார் கண்ணிலும் படாது. இந்த நோயுள்ளவர்களிடம் சோர்வு, தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை மற்றவர்களை விட அதிகம். அடுத்தது எப்போது என்ற பயம் நல்ல நாளையும் தின்றுவிடும். "சரியா" பரீட்சைக்கு வருவதிலும் நடிப்பு இல்லை. மன அழுத்தம், தூக்கக் குறைவு, மாதவிடாய், அளவுக்கு மீறிய உடல் உழைப்பு எல்லாம் எஃப்.எம்.எஃப். தாக்குதலைத் தூண்டக்கூடியவை. பரீட்சை வாரத்தில் இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

மருத்துவரிடம் "அடிக்கடி வருதுங்க" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது, தாளில் எழுதிக் கொண்டுபோனால் நடக்கும். இந்த நோய்களுக்கென்றே ஏ.ஐ.டி.ஏ.ஐ. என்ற நாட்குறிப்பு இருக்கிறது, அதை நோட்டிலேயே போடலாம். மேலே 1 முதல் 31 வரை தேதி. இடப்பக்கம் பன்னிரண்டு வரி: 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், மொத்தத்தில் உடம்பு முடியாமை, வயிற்றுவலி, குமட்டல் அல்லது வாந்தி, பேதி, தலைவலி, நெஞ்சுவலி, நெறிக்கட்டு வலி, மூட்டு அல்லது சதைவலி, மூட்டு வீக்கம், கண் உபாதை, தோலில் தடிப்பு. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

ஒரு பக்கம் இப்படி இருக்கும். நான்காம் தேதி: காய்ச்சல், முடியாமை, வயிற்றுவலி, வாந்தி, கூட்டினால் 4. ஐந்தாம் தேதி: அதே நான்கும் மூட்டுவலியும், 5. ஆறாம் தேதி: முடியாமையும் வயிற்றுவலியும், 2. மற்ற நாளெல்லாம் பூஜ்யம். மாதக் கூட்டு 11. ஒன்பதும் அதற்கு மேலும் வந்தால் நோய் அடங்கவில்லை என்று கணக்கு. மூன்று மாதத் தாளை மேசையில் வைத்தால் "மகள் நடிக்கிறாளா" என்ற கேள்விக்கு இடமே இராது, மருந்தை மாற்றலாமா என்ற பேச்சு அன்றே தொடங்கும். இதன் அடியில் நாங்கள் மூன்று வரி கூடுதலாக எழுதச் சொல்கிறோம்: பள்ளி போகாத நாள், தூங்கிய மணி, விட்டுப்போன மாத்திரை. கடைசி வரியில் மகள் பொய் எழுதக் கூடாது என்றால் அதைப் பார்த்து நீங்கள் கோபப்படக் கூடாது.

பள்ளிக்கு நோயின் பெயர், ஒரு தாக்குதல் எத்தனை நாள், தொற்றாது, அந்த நாட்களில் என்ன மருந்து என்ற நான்கும் உள்ள ஒரு பக்கக் கடிதத்தை மருத்துவரிடம் வாங்கி வருடத் தொடக்கத்திலேயே கொடுங்கள். காய்ச்சலோடு போய்க் கேட்கும் கடிதத்துக்கு மரியாதை குறைவு. மாதவிடாயோடு சேர்ந்து வருகிறதா என்று நோட்டிலேயே குறியுங்கள், அதற்கேற்ற திட்டம் மருத்துவர் போடலாம். உற்சாகமே இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு.

மில்லில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே நாட்குறிப்பு உதவும். இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுபவர் என்றால், ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால் நோய்வாய்ப் பணம் உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். காய்ச்சல் போன பிறகு போனால் கிடைப்பது கடினம், வந்த அன்றே போய் எழுதி வாங்குங்கள்.

அளவு 2 மில்லிகிராம் தாண்டியாச்சு, விடாம சாப்பிட்டும் மாசம் ரெண்டு தடவை வருது. ஊசிதான் வழின்னா என்ன எதிர்பார்க்கலாம்? (உடுமலை)

நீங்கள் அந்த ஐந்து, பத்துச் சதவீதத்தில் இருக்கலாம். இன்டர்லூகின் 1-ஐத் தடுக்கும் இரண்டு ஊசிகள் முக்கியம். அனகின்ரா தினமும் 100 மில்லிகிராம், தோலுக்கடியில். கனகினுமாப் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம், போதாவிட்டால் 300. 2018-ல் வெளிவந்த கிளஸ்டர் ஆய்வில், கோல்ச்சிசின் கேட்காத எஃப்.எம்.எஃப். நோயாளிகளில் கனகினுமாப் போட்டவர்களில் 61 சதவீதத்தினருக்கு 16 வாரத்தில் நோய் முழுதும் அடங்கியது, மருந்தில்லாத ஒப்பீட்டு ஊசி போட்டவர்களில் 6 சதவீதம். ட்ராப்ஸில் 45 சதவீதத்துக்கு எதிராக 8, எம்.கே.டி.யில் 35 சதவீதத்துக்கு எதிராக 6. நல்ல பலன்தான், எல்லோருக்கும் அல்ல என்பதும் இதே எண்ணில் இருக்கிறது.

விலை கூடுதல். ஊரில் கிடைக்குமா, எந்த வழியில் வரவழைப்பது என்பதை ஆரம்பிக்கும் முன் பேசி முடியுங்கள். நடுவில் நின்றுபோனால் நோய் திரும்பும். டோசிலிசுமாப், தாலிடோமைடு ஆகியவற்றை மாற்றாகத் தருவோரும் உண்டு. தாலிடோமைடு கருவைச் சிதைக்கும், கர்ப்பம் தரிக்கும் வயதுப் பெண்களுக்கு உறுதியான கருத்தடை இல்லாமல் ஆகாது.

ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்கு நெஞ்சுப் படமும் மாண்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனையும் அவசியம். ஊசி ஓடும் காலத்தில் உயிருள்ள தடுப்பூசி கூடாது. மருந்தை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறைய விடாதீர்கள். கோவையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பையை நேராக ஒட்டவைக்காமல் நடுவில் துணி வையுங்கள். போடும் முன் அரை மணி வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். அனகின்ரா போட்ட இடம் முதல் சில வாரம் சிவந்து அரிக்கும், இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஊசி ஆரம்பித்ததும் கோல்ச்சிசினை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத் தொடரவே சொல்வார்கள். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அமைலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். 1972-ல் கோல்ட்ஃபிங்கர் தினசரிக் கோல்ச்சிசினை முன்வைப்பதற்கு முன் இந்த நோயாளிகள் பலர் அப்படித்தான் இளவயதில் இறந்தார்கள். தாக்குதலே இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பாருங்கள். காலைச் சிறுநீர் நுரைத்து நின்றால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.

கோல்ச்சிசின் சாப்பிட்டுக்கிட்டே கர்ப்பமானா? (மேட்டுப்பாளையம்)

நிறுத்தக் கூடாது. கர்ப்பத்திலும் பாலூட்டும் போதும் தொடரலாம். நிறுத்தினால் வரும் தாக்குதல்தான் கருவுக்கு ஆபத்து. உங்கள் கணவர் சாப்பிடுகிறார் என்றாலும் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. மகப்பேறு மருத்துவரிடம் முதல் வருகையிலேயே சீட்டைக் காட்டுங்கள். பழைய நோட்டையும் கொண்டுபோங்கள், அவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.